படகு வேண்டாம், கயிறு போதும்: எல்லையோரத்திலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், வார்டு மெம்பர்மார்களுக்கும், செக்ரட்டரி அவர்களுக்கும் வணக்கம்.

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு வார்டிலிருந்து எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணீரைக் கயிறு விட்டு அளந்து கணக்கு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பஞ்சாயத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் ஒரு ஆபீஸ்மேல் சொன்ன புகாராகிவிடும். போடாமல் விட்டால், எல்லையோரத்துப் பஞ்சாயத்து ஒவ்வொன்றும் தனக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், பதினேழு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசியதை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் எழுதக் கொடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதியதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இங்கே தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள் அரசு ஆபீசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே சொல்லிவிட்டது.

போன கிராம சபையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். தெருவிளக்கு, பென்ஷன், வீட்டுத் திட்டம் எல்லாம் பேசி முடித்து டீ வந்த நேரத்தில் நான் எழுந்து, "வெயிலும் மழையும் முன்னே மாதிரி இல்லைங்க, இதுக்கு நம்ம பஞ்சாயத்து என்ன பண்ணப் போகுது?" என்று கேட்டேன். ஒரு மெம்பர் சிரித்துக்கொண்டே, "காலநிலை மாற்றமெல்லாம் ஐ.நா. சபை பாத்துக்கும் அக்கா, நாம தெருவிளக்கைப் பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நல்ல பையன், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. வெயில் ஐ.நா. சபைக்குள்ளே அடிக்கவில்லையே, என் தலைமேல்தானே அடிக்கிறது என்ற பதில் வாசற்படி ஏறும்போதுதான் எனக்கு வாயில் வந்தது. அப்போது வராத பதிலை இப்போது எழுதித் தீர்க்கிறேன்.

மறுவாரம் ஆபீசுக்கு வந்து, நம் பஞ்சாயத்தின் பேரிடர்த் திட்டத்தைப் பார்க்கக் கேட்டேன். உட்காரச் சொல்லி, பீரோவில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த மரியாதைக்கு நன்றி. 2018, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு 'நம்மள் நமுக்காயி' (நாம் நமக்காக) என்று பெயர் வைத்து, எல்லா உள்ளாட்சிகளும் ஆளுக்கொரு திட்டம் எழுத வேண்டும் என்று அரசு சொன்னதே, அதில் எழுதியதுதான். மலையாளம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். படகு எங்கிருந்து வரும், லைஃப் ஜாக்கெட் எத்தனை வேண்டும், தண்ணீர் ஏறினால் வயசாளிகளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது, முகாமில் கஞ்சி யார் காய்ச்சுவது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. வறட்சிக்கு ஒன்றரைப் பக்கம். வெயிலுக்கு நான்கு வரி.

தலைவரே, நம் ஊரில் படகு விட வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் லாரியைக் கூப்பிட வேண்டும்.

வெள்ளத்தில் வீடு போனவர்களைக் கேலி பேசுவதாக நினைக்க வேண்டாம். குட்டநாட்டுக்காரர்களுக்கும் ஆற்றங்கரைக்காரர்களுக்கும் அந்தப் பக்கங்கள் உயிர் காக்கிற பக்கங்கள். அவர்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்கும் மாட்டிவிட்டார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன். கேரளத்துச் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். நம் கிழக்கோரத்தில் அதில் பாதி பெய்தாலே நல்ல வருஷம் என்போம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். காற்று நம்மைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். கேரளம் என்றால் செம்மண்ணும் சேறும் என்று நினைக்கிறவர்களுக்கு, இங்கே கரிசல் காடு இருப்பதும் அதில் நிலக்கடலை போடுவதும் தெரியாது. திட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை போலும்.

மரம் நடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 5 வந்தால் கன்று கொடுக்கிறீர்கள். போட்டோ எடுக்கிறோம். கோட்டயத்தில் அன்றைக்கு நட்டால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையே அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே இரண்டு தூறல் போட்டுவிட்டு மழை மேற்கே நின்றுகொள்ளும், கணவாய்க் காற்று மட்டும் ஆடி முழுக்க அடிக்கும். கன்று வேர் பிடிப்பதற்குள் அந்தக் காற்று அதை ஆட்டி ஆட்டி உலர்த்திவிடும். எங்கள் வாய்க்கால் கரையில் மூன்று வருஷமாக நட்டதில் மிச்சம் இருப்பது இரண்டு வேம்பு. அந்த இரண்டும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐப்பசி மழையில் தாமாகக் கொண்டுவந்து வைத்தவை. நம் மண் ஈரமாவது அந்த ஐப்பசித் துலா மழையில்தான். நாள் குறிக்கும்போது திருவனந்தபுரத்துக் காலண்டரைப் பார்க்காமல் நம் வானத்தைப் பாருங்கள் என்று கேட்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இப்போது வெயில். 2016 ஏப்ரலில் பாலக்காட்டு மண்ணில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் கடைசியில் 41.8 டிகிரி, வெப்ப அலை என்றே அறிவித்தார்கள். அந்த ஏப்ரல் 26-ஆம் தேதிதான் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். வரிசையில் நின்ற ஆட்கள் பள்ளிக்கூடச் சுவரின் நிழலோடு சேர்ந்து நகர்ந்தது நினைவிருக்கும். நிழல் ஒரு சாண் சுருங்கினால் வரிசையும் ஒரு சாண் சுருங்கியது. அப்போதெல்லாம் மேல்தொட்டித் தண்ணீரில் அரிசியை ஊறப் போட்டால் பாதி வெந்துவிடும் என்று பேசிக்கொள்வோம். சிரிப்புக்குச் சொன்னாலும் ராத்திரி பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர்தான். கறவை மாடு பாதிப் பாலை மடியில் வற்றவிட்டது. தென்னையில் குரும்பை கொட்டியது. கள்ளுக்குப் பாளை சீவுகிறவர்கள் முட்டி நிறையவில்லை என்று சொன்னார்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து இறங்கிய சுருள் வெள்ளை ஈ, வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் ஓலைக்கடியில் மாவு கொட்டினாற்போல் அப்பிக்கொள்கிறது.

தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் நான் மேட்டாக, அதாவது மேற்பார்வை பார்க்கிறவளாக, இருந்த கோடை அது. கோடை வந்தால் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழில் துறை வருஷா வருஷம் உத்தரவு போடுகிறது. நாங்கள் காலையிலேயே குழி வெட்டி முடித்துவிடுவோம். ஆனால் வருகைக்குச் செல்போனில் இரண்டாவது படம் எடுக்கிற நேரம் வரவேண்டுமே! வேலை முடிந்தும் போக முடியாமல், மரமில்லாத வரப்பில், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பெண்கள் படத்துக்காகக் காத்திருப்போம். ஒருநாள் அறுபது வயது தாண்டிய ஒரு அக்கா, "கண்ணு இருட்டுது அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டிமேல் சாய்ந்தாள். ஓட்டலில் இருந்து ஐஸ் வாங்கி வந்து நெஞ்சில் வைத்தோம். பிழைத்துக்கொண்டாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள், கூலி போய்விடுமே. செல்போன் ஆப் டெல்லியில் செய்தது, அதை மாற்ற உங்களால் முடியாதுதான். எந்த மாதம் எந்த இடத்தில் வேலை கொடுப்பது என்று முடிவு செய்வது நீங்கள். மீன மேட மாதங்களில் (பங்குனி, சித்திரை) புளியமரம் இருக்கிற ரோட்டோரத்தில் கொடுங்கள், வெட்டவெளியை மழைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வேலைத்தளத்தில் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும் என்று வேலையுறுதிச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் தளத்தில் நான் பார்த்த நிழல், குடை வைத்திருந்தவளின் நிழல்தான்.

தண்ணீருக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

எங்கள் தோட்டத்துக் கிணறு 58 அடி. கருங்கல் கட்டு, உள்ளே இறங்கப் பக்கப்படி. 1983-இல் கேரளம் முழுக்கப் பெரிய வறட்சி வந்ததே, அந்த வருஷம் சித்திரை ஒன்றாம் தேதி, என் மாமனார் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் நின்ற இடத்தில் நீலப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வருஷத்தையும் எழுதினார். எதற்கு என்று கேட்டதற்கு, "இதுக்குக் கீழே போச்சுன்னா மாட்டை வித்துடோணும்" என்றாராம். அதற்குப் பிறகு விஷு அன்றைக்கு வீட்டில் கனி பார்ப்பது முடிந்ததும் அவர் பெயிண்ட் டப்பாவோடு கிணற்றில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது கோடுகள் படியில் ஏறி இறங்கி விளையாடுகிற குழந்தைகள் மாதிரி இருந்தன. ஒரு வருஷம் கீழே, மறுவருஷம் மேலே. 2000-க்கு அப்புறம் ஏறுவது குறைந்தது. 1983-இன் கோடு ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, இன்றைக்கு அது நடுவுக்கும் மேலே இருக்கிறது. 2016 அக்டோபரில் பதினாலு மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். அடுத்த சித்திரையில் கிணற்றுச் சுவரில் கோடு போடத் தண்ணீர் இல்லை. மாமனார் இறங்கி, அடிப்பாறையிலேயே '2017' என்று எழுதிவிட்டு மேலே வந்தார். அவர் கையால் எழுதிய கடைசி வருஷம் அதுதான். அவருக்குப் பிறகு நான் இறங்குகிறேன்.

"மழை ஒண்ணும் பெரிசாக் குறையலையே" என்று சில பேர் சொல்கிறார்கள். கணக்கில் அப்படி வருகிற வருஷங்களும் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிறது அறிவியல். பிடித்து வைத்ததைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும், கொட்டாத நாட்கள் நீளும். நம் கரிசலைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையைக் குடிக்கும், குடித்ததும் உப்பி வாயை மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்வதெல்லாம் ஓடுகிற தண்ணீர்தான். பத்து நாளில் நிதானமாகப் பெய்ய வேண்டியது ஒரே ராத்திரியில் கொட்டினால், விடியும்முன் வரட்டாற்றிலும் கோரையாற்றிலும் இறங்கி, பாரதப்புழை வழியாகப் பொன்னானிக் கடலுக்குப் போய்விடும். மழைமானி நிறையும், கிணறு நிறையாது. அதனால்தான் மழைக்கணக்கை விட்டுவிட்டுக் கிணற்றுக் கணக்கைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு கோடையிலும் நாம் எல்லாரும் சேர்ந்து, தமிழ்நாட்டிலிருந்து நமக்குத் தண்ணீர் வருகிற மணக்கடவைப் பார்க்கிறோம். 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி நமக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வர வேண்டியதைக் கேட்க வேண்டியதுதான், அதில் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அங்கே கேட்கப் போனால் நான் கேரளாக்காரி, இங்கே கேட்க வந்தால் தமிழச்சி என்கிற சங்கடம் வேறு இருக்கிறது, அது கிடக்கட்டும். ஆனால் அந்த வாய்க்கால் எட்டாத மேட்டாங்காடுகள் நம் கிழக்கில் எத்தனை! வாய்க்கால் வராத ஊரில் எல்லாரும் போர் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம், மறைக்க ஒன்றுமில்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து ராத்திரி முழுக்க வெள்ளை மாவைக் கக்கியது. காலையில் பார்த்தால் தென்னை, மாட்டுத்தொழுவம், காயப்போட்ட துணி எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் இருந்தது. 780 அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர். சாமி கும்பிட்டோம். மூன்றாம் வருஷம் அரை அங்குலம். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் 950 அடி போயிருந்தார். அவருடைய தண்ணீரை நாங்கள் எடுத்தோமா, எங்களுடையதை அவர் எடுத்தாரா என்று யார் சொல்வது? கல்யாணங்களில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம், முன்னே மாதிரி இல்லை.

நிலத்தடி நீர்ச் சட்டம் 2002-லேயே வந்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பல கணக்கெடுப்புகளில் சித்தூர் பிளாக் 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட' பட்டியலில் இருந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. எந்த வார்டில் எத்தனை போர், எது வற்றியது, எது ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் யாரிடமும் ஒரு காகிதம் இல்லை.

'ஒரு பஞ்சாயத்து என்ன பண்ணிவிட முடியும்' என்று கேட்கிறவர்களுக்கு நான் வயநாட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போகவில்லை. பஸ் ஏறினால் வந்துவிடுகிற பெருமாட்டிப் பஞ்சாயத்துக்குத்தான் கூட்டிப்போவேன். பிளாச்சிமடையில் வந்த குளிர்பான ஆலைக்கு 2000-இல் லைசென்ஸ் கொடுத்ததும் அதே பஞ்சாயத்துதான், 2003 ஏப்ரலில் கிணறுகள் கெட்டுப்போயின என்று சொல்லி அதைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே பஞ்சாயத்துதான். 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த ஆதிவாசிப் பெண்களில் மயிலம்மா இருந்தார். அவர் வைத்திருந்த பெரிய ஆதாரமே குடத்தில் இருந்த தண்ணீர்தான். குடித்துப் பாருங்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கோர்ட்டில் தீர்ப்பு அப்படியும் இப்படியும் புரண்டது, அது நீண்ட கதை. முதலில் தப்பாகக் கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்து, மக்கள் வந்து நின்றதும் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதே, அதைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். உங்களை எந்தக் கம்பெனியோடும் மோதச் சொல்லவில்லை. இங்கே உறிஞ்சுகிறவர்கள் நாங்களேதான். அதனால் வேலை கொஞ்சம் கஷ்டம், எதிரில் நிற்பதற்கு ஆலை வாசல் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். வார்டுக்கு இரண்டு என்று திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், கயிறு விட்டு ஆழம் அளந்து, பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் சுவரில் எல்லாரும் பார்க்க எழுதிவையுங்கள், மலையாளத்திலும் தமிழிலும். கிராம சபையில் முதல் விஷயமாக அந்தக் கணக்கைப் படியுங்கள். 2023-இல் கேரள அரசே நாட்டில் முதன்முறையாக 'ஜல பட்ஜெட்' என்று தொடங்கி, 94 பஞ்சாயத்துகளின் தண்ணீர் வரவு செலவை வெளியிட்டது. எனவே இது என் வீட்டு அடுப்படியில் முளைத்த யோசனை என்று தள்ளிவிட முடியாது. கணக்கு கண்ணில் பட்டால், புதுப் போருக்கு யார் கேட்டாலும் 'சுவரைப் பார்த்துவிட்டு வாங்க' என்று சொல்ல உங்களுக்கும் தைரியம் வரும். இப்போது நீங்கள் மறுத்தால் 'அவன் மாத்திரம் போட்டானே' என்று உங்களைத் திட்டுவோம்.

அளந்தால் போதுமா என்றால் போதாது. குளத்தையும் பழைய குடிநீர் ஊற்றையும் பராமரிப்பது பஞ்சாயத்து ராஜ் சட்டத்திலேயே உங்கள் கட்டாய வேலையாக எழுதியிருக்கிறது. கோயில் குளத்தில் இப்போது தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலமும் பழைய பிளக்ஸ் பேனரும் இருக்கின்றன. அதில் இரண்டு பேனரில் உங்கள் சிரித்த முகம் இருக்கிறது, எல்லாக் கட்சியும்தான். திருச்சூரில் 2008-லிருந்து 'மழப்பொலிமா' என்று வைத்து, கூரையில் விழுகிற மழையைக் குழாய் வழியே வடிகட்டித் திறந்த கிணற்றுக்குள்ளேயே விடுகிறார்கள். நம்மிடம் வற்றிய கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. போர் போட்டதும் குப்பை கொட்டுகிற குழியாகிவிட்ட கிணறுகளை மூடாமல், ஓட்டு வீட்டு மழையையும் தோட்டத்து ஓடைத் தண்ணீரையும் மண்ணடங்க வடிகட்டி அதில் இறக்கினால், அந்த ஒரு ராத்திரி மழையில் கொஞ்சமாவது பொன்னானிக்குப் போகாமல் இங்கே தங்கும். தொழிலுறப்புப் பெண்களுக்கும் வேலை, அதுவும் குழிக்குள் நிழலில்.

அங்கன்வாடியின் ஷீட் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, பகலில் யாரும் இல்லாத வீட்டு வயசாளிகளின் பெயரை ஆஷா பணியாளரிடம் எழுதிக் கொடுப்பது, ரோடு அகலம் பண்ணும்போது கரிம்பனைகளையும் புளியமரங்களையும் சேர்த்து வெட்டாமல் இருப்பது, இவற்றை நேரில் பேசிக்கொள்வோம். பணம் இல்லை என்று சொல்வீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஒரு சின்னப் பஞ்சாயத்து. 2006-இல் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு காற்றாலையே வைத்தது, மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்தது. கணவாய்க் காற்று நம் ஊர் ஓட்டைப் பிரிப்பதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? ஆனால் காற்றாலையை இன்றைக்கே கேட்கவில்லை. பயந்துவிட வேண்டாம்.

அடுத்த கிராம சபைக்கு அறிவிப்பு அச்சடிக்கும்போது 'கிணற்றுக் கணக்கு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் அயல்கூட்டத்தில் ஆறு கிணற்றுக்காரர்கள் அளக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 950 அடி போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதில் ஒருவர். கயிறு இருக்கிறது, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். மாமனாரின் நீலப் பெயிண்ட் டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் கெட்டிப்பட்டுப் போய். டர்பென்டைன் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும். ஒரு பதிவேடு மட்டும் பஞ்சாயத்துச் செலவில் வாங்கிக் கொடுங்கள், முத்திரையோடு.

இப்படிக்கு,
வார்டுவாசிகளுக்காக,
எல்லையோரத்துக் குடும்பஸ்ரீக்காரி ஒருத்தி